இரண்டு அம்புக்குறிகள்

அந்த நகரத்து மணிக்கூண்டின் உச்சியில் ஏறி நின்றால் அவரவர் வீடு தெரியும். லாட்ஜில் கொடுத்த காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. எந்த ஊர்க்காரர் ஏறினாலும் அந்த ஊர், அந்தத் தெரு, அந்த வீடு. பைனாகுலர் வேண்டாம். எட்டிப் பார்த்தால் போதும். பார்வை நேரம் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை. ஞாயிறு உண்டு.

சந்தனமாரி அந்தக் காகிதத்தை நான்காக மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள். ஏறியே தீருவது என்று முடிவு செய்துவிட்டாள்.

அவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வேலையாக அனுப்பியிருந்தது. இந்த நகரத்துக்கு ஏற்றிவிட்ட பதினோராயிரம் பீஸ்களில் தப்பு இருப்பதாகப் புகார். கோடவுனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் யார் தைத்தாரோ அவரிடமே திரும்பிப் போகும். அவர்தான் சரிசெய்து தர வேண்டும். கம்பெனி வழக்கம் அது. ஆறு நாளில் வேலை முடிந்தது. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ரயில். நடுவில் ஒரு பகல் மிச்சம்.

வந்தவர்கள் நான்கு பேர். சூப்பர்வைசர் சென்னியப்பன். செக்கிங்கில் பதினைந்து வருஷம் போட்ட நூர்ஜகான். அதே செக்கிங்கில் இரண்டு வருஷம் ஆன சந்தனமாரி. பேக்கிங்கிலிருந்து லூர்து.

லூர்து இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குடையாகிவிட்டான். கறுப்புத் துணி, மரப்பிடி. சென்னியப்பன் வருகைப் பதிவேட்டில் அவனுக்குத் தினமும் ஆஜர் போட்டார். நூர்ஜகான் அவனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"நாலு பேரு வந்தோம். நாலு பேரு போகோணும்," என்றார் சென்னியப்பன். "எண்ணிக்கை சரியா வரோணும். அவ்வளவுதானுங்க."

சந்தனமாரிக்கு விளாத்திகுளம் பக்கம். அம்மா மட்டும் ஊரில் இருக்கிறாள். தினமும் போனில் பேசுவாள். "நல்லாத்தான் இருக்கேன்," என்பாள். நான்கு மாதமாக அதே இரண்டு வார்த்தை மாறாமல், அதே இழுப்பில் சொல்கிறாள். தலைவலி இல்லை, பக்கத்து வீட்டோடு சண்டை இல்லை, தண்ணீர் வரவில்லை என்ற புலம்பல் இல்லை. வீடியோவில் வா என்றால் கேமரா கெட்டுப் போயிட்டு என்கிறாள்.

ஒரு கட்டுப் பனியனில் ஒரு பீஸில்கூடத் தப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் சென்னியப்பன் நம்ப மாட்டார். அந்தக் கட்டை மறுபடி பிரிக்கச் சொல்வார். இரண்டு வருஷத்தில் சந்தனமாரி கற்றுக்கொண்டது அதுதான். அம்மாவைக் கண்ணால் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முன் லீவு கிடையாது. மணிக்கூண்டு இருந்தது.

காலை எட்டு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினார்கள். லாட்ஜின் நடைவழி நேற்றைவிட நீண்டிருந்தது. திங்கட்கிழமை அவர்கள் அறையிலிருந்து மாடிப்படிக்கு ஆறு கதவுகள். இன்றைக்கு அறுபதைத் தாண்டியும் படியைக் காணோம். பாதி வழியில் ஒருவன் ஸ்டவ் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"படி இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று நூர்ஜகான் கேட்டாள்.

"நீங்க எப்பக் கெளம்புனீங்களோ அவ்வளவு தூரமுங்க," என்றான் டீக்காரன்.

அந்த ஊர் ஆட்கள் யார் பேசினாலும் கேட்பவருடைய ஊர்ப் பேச்சாகவே காதில் விழுந்தது. நூர்ஜகானுக்குப் பல்லடத்துப் பேச்சு. சந்தனமாரிக்கு விளாத்திகுளத்துப் பேச்சு. முதல் நாள் அதற்கு ஆச்சரியப்பட்டார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள்.

ஆளுக்கொரு டீ குடித்தார்கள். லூர்துவின் டீயைச் சென்னியப்பன் குடித்தார். வெளியே வந்தபோது மணி பத்து.

மணிக்கூண்டு சதுக்கத்தின் நடுவில் நின்றது. சிவப்புச் செங்கல். உயரம் சரியாகச் சொல்ல முடியாது. பார்க்கிறவர் கழுத்து எவ்வளவு வளையுமோ அவ்வளவு உயரம். அடியில் ஒரு கூண்டுக்குள் டிக்கெட் கொடுப்பவன் உட்கார்ந்திருந்தான். அவன் டிக்கெட்டுக்கு முன் ஒரு படிவம் நீட்டினான். அதில் மூன்று கேள்விகள். இருக்கிறீரா. எப்போதிலிருந்து. அதற்குச் சாட்சி யார்.

சந்தனமாரி ஆமாம் என்று எழுதினாள். பிறந்த தேதி எழுதினாள். சாட்சிக்கு நூர்ஜகான் கையெழுத்துப் போட்டாள்.

டிக்கெட்காரன் குடையைப் பார்த்தான். "இவரு இருக்காரா?"

"இருக்காருங்க," என்றார் சென்னியப்பன். "பேக்கிங் செக்சன்."

"குடை உள்ள போவக் கூடாது."

"இவரு குடையில்லீங்க. லூர்து."

அவன் கொஞ்சம் யோசித்தான். லூர்துவுக்கு அரை டிக்கெட் கிழித்தான்.

வரிசை மணிக்கூண்டைச் சுற்றி மூன்று சுற்றுப் போயிருந்தது. சுவரை ஒட்டியே நகர வேண்டும். சந்தனமாரியின் வலது கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. துணியைத் தடவிப் பழகிய கை. தோள் உயரத்தில் ஓரிடத்தில் நின்றது. மேல் செங்கலும் கீழ்ச் செங்கலும் ஒரே கோட்டில் இல்லை. அரை விரல் விலகல்.

அவள் எதையும் நினைக்கவில்லை. இடது கை இடுப்புப் பைக்குள் போனது. ஸ்டிக்கர் பட்டையில் இரண்டுதான் மிச்சமிருந்தன. கட்டைவிரல் ஒன்றை உரித்தது. அம்பின் முனையை விலகலுக்கு நேராக வைத்து ஒட்டியது. ஒருநாளைக்கு நானூறு தடவை செய்கிற வேலை.

வாட்ச்மேன் விசில் ஊதினான்.

எங்கிருந்தோ நான்கு பேர் வந்தார்கள். அம்பைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மேலே ஏறியிருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கினார்கள். மணிக்கூண்டை அடியோடு தூக்கி, பாலித்தீன் உறை மாட்டி, வாயைச் சணல் கயிற்றால் கட்டி, ஒரு மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் படுக்கவைத்தார்கள். வண்டிக்காரன் மிதித்துக்கொண்டு தெருமுனை திரும்பிவிட்டான். சதுக்கத்தில் வெளிறிய சதுரம் ஒன்று மிச்சமிருந்தது. வரிசை கலையவில்லை. இல்லாத சுவரை ஒட்டி அப்படியே நின்றது.

"ஏம்புள்ள," என்றாள் நூர்ஜகான். "இன்னிக்குமா ஒட்டோணும்?"

"கைதான்க்கா ஒட்டிட்டு."

"ஞாயித்துக்கெழம கைய லாட்ஜ்லயே வெச்சுட்டு வந்திருக்கலாமுல்ல."

சந்தனமாரி வாட்ச்மேனிடம் போனாள். "அண்ணாச்சி, அது எங்கன போவுது?"

"செஞ்சவங்க வீட்டுக்கு. அம்பு ஒட்டுனா அங்கதான போவும்."

"திரும்ப எப்ப வரும்?"

"சரியானா வரும்."

"எனக்கு இன்னைக்கே மேல ஏறணும்."

"அப்ப அங்க போயி ஏறுங்க," என்றான் வாட்ச்மேன். "டிக்கெட் செல்லும். ஒம்பதாம் நம்பர் பஸ், கடைசி ஸ்டாப்பு."

சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். காகிதத்தில் இன்னும் இரண்டு இடங்கள் இருந்தன. அரண்மனை, ஏரி. எல்லாவற்றையும் பார்த்துப் போட்டோ எடுத்து வருவதாக அவர் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அம்மிணி, டவரு போனா போகுது. அரமனை பாக்கலாம் வாங்க."

"நீங்க பாருங்கண்ணா. நான் டவருக்குத்தான் போறேன்."

"தனியா உட்டுட்டுப் போக முடியாதுங்களே. நாலு பேரு."

"அப்ப நாலு பேரும் டவருக்குப் போவோம்."

அவர் லூர்துவைப் பார்த்தார். லூர்து ஒன்றும் சொல்லவில்லை. நால்வரும் ஒன்பதாம் நம்பரில் ஏறினார்கள்.

பஸ் நகரவில்லை. நிறுத்தங்கள்தான் ஒவ்வொன்றாக வந்து நின்றுவிட்டுப் போயின. மூன்றாவது நிறுத்தத்தோடு அரண்மனை வந்தது. ஜன்னலோரம் நின்று பஸ்ஸில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தது. நூர்ஜகானைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். சென்னியப்பன் போட்டோ எடுக்க போனை எடுப்பதற்குள் அது போய்விட்டது.

"நம்மளப் பாத்துட்டுப் போயிருச்சு," என்றார்.

"பிடிச்சிருந்துச்சுங்களான்னு கேட்டிருக்கலாம்," என்றாள் நூர்ஜகான்.

ஏழாவது நிறுத்தம் ஏரி. ஏரிக்கு ஞாயிறு விடுமுறை. தண்ணீர் வீட்டுக்குப் போயிருந்தது. படகுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. கரையில் ஒரு மீன், நாளைக்கு வரச் சொல்லும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைச் சென்னியப்பன் எடுத்துக்கொண்டார்.

சந்தனமாரி வெளியே பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றை ஸ்டிக்கரைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நடுவில் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்ட்டி. நல்லாத்தான் இருக்கேன்."

"நான் அதக் கேக்கல."

"நீ எப்டி இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் சந்தனமாரி. சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கடைசி நிறுத்தம் வந்து சேர மூன்று மணியானது. குறுகலான தெரு. எல்லா வீட்டு வாசலிலும் ஏதாவது ஒன்று சரியாவதற்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டில் ஒரு பாலம். ஒரு வீட்டில் அரைத் தெரு. ஐந்தாவது வீட்டின் பின்கட்டில், அடுப்படிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் மணிக்கூண்டு நின்றது. உறையை அவிழ்த்துத் திண்டு போல மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

கட்டிய கொத்தனாரின் பெயர் வைரம். முப்பத்தைந்து வயதிருக்கும். மணிக்கூண்டுக்கு நூற்றுப் பத்து வயது என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. வைரம் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் கரண்டி. தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்பு ஒட்டுனது யாரு?"

"நான்தாங்க்கா."

"நல்ல கண்ணு," என்றாள் வைரம். "இத்தன வருசத்துல எத்தன பேரு தடவிட்டுப் போயிருக்கான். ஒருத்தனும் சொல்லல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வச்ச எனக்குத் தெரியாதா. அந்த வரிசை வைக்கையில இவனுக்குக் காய்ச்சல்." தோளைக் காட்டினாள். "மனசு இங்க இருந்துச்சு. கை அங்க இருந்துச்சு. மேஸ்திரி கேட்டாரு, எல்லாம் சரியான்னு. சரிதான்னு சொல்லிட்டேன்."

"திருப்பி அனுப்பிட்டேன்னு கோவம் இல்லையே?"

"கோவமா?" வைரம் மணிக்கூண்டைப் புறங்கையால் துடைத்தாள். "கையவிட்டுப் போனது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லியே அங்க நிப்பாட்டி வச்சிருந்தானுவ. இன்னைக்குத்தான் பக்கத்துல வச்சுப் பாக்கேன்."

விலகிய செங்கலை உருவி எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.

"மேல ஏறலாமாக்கா?"

"ஏறு. நான் கலவை போடுறதுக்குள்ள எறங்கிரு. காஞ்சா கொண்டு போயிருவான்."

சென்னியப்பன் கீழே நின்றார். "மூணே காலு. ஸ்டேசன் பக்கத்துலதான். ஆனாலும் நாலரைக்கு இங்கிருந்து கெளம்பினாத்தான் ரயிலுங்க."

படிகள் முந்நூறு என்று எழுதியிருந்தது. சந்தனமாரி எண்ணிக்கொண்டே ஏறினாள். முந்நூறில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஒரு ஆள் உட்கார்ந்து இன்னும் முந்நூறு என்றான். அதையும் ஏறினாள். அங்கேயும் அதே ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவனைத் தாண்டிப் போனாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். சுவர் நெருங்கி வந்தபோது பக்கவாட்டாகத் திரும்பி ஏறினாள். மூன்றாவது தடவை அந்த ஆள் எழுந்து நின்று வழிவிட்டான்.

உச்சியில் இடுப்பு உயரச் சுவர். எட்டிப் பார்த்தாள்.

வீடு தெரிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் மேல் அவள் போன வருஷம் வாங்கிக் கொடுத்த டிஷ். பின்வாசலில் ஊன்றிய கல்லுக்கால். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் இடது கை ஒரு துண்டில் கழுத்திலிருந்து தொங்கியது. வலது கையால் சேலையை அலசினாள். அலசிய சேலையின் ஒரு முனையைக் கல்லுக்காலில் சுற்றினாள். பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். மறுமுனையை வலது கையால் பிடித்து முறுக்கினாள். தண்ணீர் வடிந்தது. முறுக்கு நழுவாமல் இருக்க முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் சேலையை இடுக்கிக்கொண்டாள். எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தது. நேற்று ஆரம்பித்த வேலை மாதிரி தெரியவில்லை. பழகிய கை.

சந்தனமாரி போன் போட்டாள். அங்கே அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திண்டில் இருந்த போனை எடுப்பது தெரிந்தது.

"என்னட்டி, இப்பத்தான பேசுன? நல்லாத்தான் இருக்கேன்."

"இடது கை என்னாச்சு?"

"எந்தக் கை?"

"துண்டுல தொங்குதே, அந்தக் கை."

அம்மா நின்ற இடத்தில் மெதுவாகத் திரும்பினாள். தெருவைப் பார்த்தாள். அப்புறம் அண்ணாந்தாள்.

"தைப்பூசத்துக்கு மறுநா வழுக்கிட்டு," என்றாள். "எலும்பு கூடிட்டு. மடங்கத்தான் மாட்டேங்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஓடி வந்துருவ. வேல போயிரும்லா." அம்மா கண்ணுக்கு மேல் கை வைக்கப் பார்த்தாள். கையில் போன் இருந்தது. போனோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "நீ எங்கன நிக்க? செருப்பு ஏன் கையில இருக்கு? ஏட்டி, கழுத்தெலும்பு அப்படித் துருத்திட்டு நிக்கி. மூணு வேளையும் திங்கேன்னு சொன்னியே."

"திங்கேன்."

"ராத்திரிக்கு?"

சந்தனமாரி சட்டைக் காலரை இழுத்து மூடினாள். கம்பெனி ஹாஸ்டலில் அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது.

"நீயும் நல்லாத்தான் இருக்கேன்னுதான சொல்லுத," என்றாள் அம்மா.

கீழேயிருந்து கரண்டி செங்கலில் தட்டுகிற சத்தம் கேட்டது. சந்தனமாரி பைக்குள் கை விட்டாள். ஒரே ஒரு அம்பு. சுவருக்கு வெளியே கையை நீட்டினாள். அம்மாவின் தோள் எட்டிவிடும் போலத்தான் இருந்தது. விரலில் ஸ்டிக்கரோடு அப்படியே நிறுத்தினாள். அம்மா மேல் ஒட்டினால் அம்மா தன்னைச் செய்தவர்களிடம் போய்விடுவாள். தாத்தா, ஆச்சி இரண்டு பேருமே உயிரோடு இல்லை.

கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சட்டைக் காலரைக் கொஞ்சம் விலக்கினாள். கழுத்தெலும்பு துருத்துகிற இடத்தைத் தடவிப் பார்த்தாள். அம்பின் முனையை அதற்கு நேராக வைத்து ஒட்டினாள். மேலே விரலால் அழுத்திவிட்டாள், வழியில் உரியாமல் இருக்க.

எங்கோ விசில் கேட்டது.

கீழே இறங்கியபோது அந்த நான்கு பேரும் உறையோடு நின்றார்கள். வைரம் செங்கலைச் சரியாக வைத்துப் பூசிவிட்டிருந்தாள். சென்னியப்பன் அம்பைப் பார்த்தார். அப்புறம் சந்தனமாரியைப் பார்த்தார். கோபப்படவில்லை. பதிவேட்டை எடுத்தார்.

"என்ன அம்மிணி இது. நாலு பேரு போகோணும்னு சொன்னேனுங்களே."

"எண்ணிக்கை சரியா வரும்ண்ணா. வந்தது நாலு. ஓகே மூணு. ஆல்ட்ரேசன் ஒண்ணு."

அவர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். நாலு வந்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்.

"லூர்து ஓகேல வர்றானா?" என்று நூர்ஜகான் கேட்டாள்.

"அவனுக்கு என்ன தப்பு? மடிக்கிற எடத்துல மடியுது. விரிக்கிற எடத்துல விரியுது." சென்னியப்பன் நிமிராமல் எழுதினார். "உங்க தப்பு என்னன்னு போடோணும், அம்மிணி."

"அளவு குறைவுன்னு போடுங்கண்ணா."

"எவ்வளவு?"

நூர்ஜகான் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். சந்தனமாரியின் தோளிலிருந்து தோளுக்குப் பிடித்தாள். "ரெண்டு இஞ்சு," என்றாள். டேப்பை உடனே எடுக்கவில்லை. "ஏம்புள்ள, பக்கத்துக் கட்டில்லதான படுத்திருந்தேன். எனக்குத் தெரியலயே."

"நீங்க கேட்டீங்கக்கா. நான்தான் சரியாச் சொல்லல."

"யாரு செஞ்சது?" என்றார் சென்னியப்பன்.

"எங்கம்மா, இசக்கியம்மாள். விளாத்திகுளம் போற வழி."

அவர் எழுதினார். சீட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். "சரி பண்ணிட்டு வாங்க. ஆனா நானே மறுபடி பாத்துட்டுத்தான் உள்ள எடுப்பேன். நல்லாருக்கேன்னு வாயில சொன்னா எடுக்க மாட்டேன்."

"சரிங்கண்ணா."

பாலித்தீன் உறை தலை வழியாக இறங்கியது. மூச்சு விட இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். எந்த உறைக்கும் அதுதான் வழக்கம். வைரம் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிவிட்டு, சணல் முடிச்சைத் தானே கட்டினாள். அழுத்திக் கட்டவில்லை. வண்டியில் உட்காரவைத்தார்கள். வெயில் இன்னும் குறையவில்லை. நூர்ஜகான் லூர்துவிடம் ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு விரித்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை லூர்துவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள்.

சென்னியப்பனும் நூர்ஜகானும் லூர்துவும் ரயிலுக்குப் போனார்கள். வண்டி எதிர்ப்பக்கம் போனது.

ஏரியைத் தாண்டும்போது தண்ணீர் வரிசையாக வீடுகளிலிருந்து கிளம்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. உறைக்குள் போன் அடித்தது.

"எங்கன வார?" என்றாள் அம்மா.

"ஏரி தாண்டியாச்சு."

"அரிசி ரெண்டு ஆழாக்கு கூடப் போடட்டா?"

"போடு. கைக்கு எந்த ஆசுபத்திரின்னு கேட்டு வையி. நாளைக்கே போறோம்."

"நாளைக்கேவா?"

"நாளைக்கேதான்."

"சரி," என்றாள் அம்மா. போனை வைக்கவில்லை. எங்கேயோ திண்டில் வைத்துவிட்டுப் போனது போலிருந்தது. ஈரத்துணி உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பல்லால் எதையோ கடித்து இழுக்கிற மூச்சு. சந்தனமாரி காதை அழுத்திக் கேட்டாள். அம்மா கல்லுக்காலிலிருந்து சேலையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.